முன்னால் போகிற சிவப்பு

ஞாயிற்றுக்கிழமை மதியம் கிருபாசங்கர் காரின் பின்விளக்குகள் இரண்டையும் கழற்றி, போர்டிகோவில் செய்தித்தாள் மேல் வைத்திருந்தான். தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் சிவப்பு மூடிகளைத் தேய்த்துத் துடைத்து, ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கி, பார்க்க எடுப்பாக இருக்கட்டுமென்று புகைக்கறுப்பை மூன்று கோட் அடித்தான். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே மனைவி சண்முகப்பிரியாவின் ஹேர் டிரையர் ஓடியது. பம்ப் கம்பெனியில் தர ஆய்வாளன். வீட்டு வேலையிலும் ஒரு சொட்டு வழிந்திருக்கக் கூடாது. விளக்குகளைத் திரும்ப மாட்டி, சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தான்.

“தெரியுதா அம்மணி?”

பின்னால் நின்ற சண்முகப்பிரியா குனிந்து பார்த்தாள். கூரை நிழலில் கறுப்புக்குள்ளிருந்து சிவப்பு கசிந்தது.

“தெரியுதுங்க. பன்னண்டு வருசத்துக் கெழட்டுக் காருக்கு மை வெச்சு உட்டுருக்கறீங்க.”

போன ஆடியில் மணலில் சறுக்கிக் கை உடைந்த பிறகு ஐந்து மாதம் அவள் ஸ்கூட்டரைத் தொடவில்லை. காரிலேயே வந்துவிடு என்றால் ஒப்பவுமில்லை. அவனுடைய கம்பெனியும் அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையும் பெரியநாயக்கன்பாளையத்தில்தான். அதனால் ஓர் ஏற்பாடு: துடியலூரிலிருந்து கார் முன்னால் மெதுவாகப் போகும், ஸ்கூட்டர் பின்னால் வரும். எதிரே வரும் லாரியையோ குறுக்கே வரும் நாயையோ அவள் பார்க்க வேண்டியதில்லை. அவன் விளக்கு எரிந்தால் பிரேக், அணைந்தால் ஆக்ஸிலேட்டர். ஒரு மாதமாக அவளுடைய சாலை அந்த இரண்டு சிவப்புகள் மட்டும்தான்.

திங்கட்கிழமை காலை தை வெயில் முதுகுப் பக்கமிருந்து சாய்வாக விழுந்தது. நரசிம்மநாயக்கன்பாளையத்தில் பஸ் ஒன்று நிற்கவும் கார் நின்றது. அவளுக்கு எதுவும் எரிந்து தெரியவில்லை. பம்பர் பெரிதாகிக்கொண்டே வந்ததுதான் தெரிந்தது. இரண்டு பிரேக்கையும் இறுக்கினாள். முன்சக்கரம் பம்பரில் முட்டி, வண்டி இடப்பக்கம் சாய, காலை ஊன்றி நிறுத்திவிட்டாள்.

அவன் கதவைத் திறந்து ஓடிவந்தான். “உழுந்துட்டயா?”

“உழுகலீங்க.” தன் காலைப் பார்த்துக்கொண்டாள். “உழுகவே இல்லீங்க.”

“பிரேக்கு அடிச்சனே. நேத்து நீயேதான பாத்தே?”

“அது நெழல்ல பாத்ததுங்க.”

அவன் திரும்பிப் பார்த்தான். அவ்வளவு பாடுபட்டு மெருகேற்றிய கறுப்பில் வெயில் மட்டும் பளபளத்தது. பின்னால் ஹாரன்கள் கத்தின. வண்டியை ஓரமாகப் பூட்டிவிட்டுக் காரில் ஏறச் சொன்னான்.

“சாயந்தரம் அந்த மையத் தொடைச்சுப்போடுங்க,” என்றாள். பிறகு ஹெல்மெட்டின் வாரை இறுக்கினாள். “இப்ப நான் முன்னாடி போறேன். நீங்க என்ற லைட்டப் பாத்துட்டு வாங்க.”

காரைச் சுற்றிக்கொண்டு போனாள். முதல் நூறடி வண்டி லேசாக அலைந்தது, பிறகு நேரானது. முப்பதுக்கு மேல் போகாத அவளுக்குப் பின்னால் அவனும் முப்பதிலேயே போனான். வேகத்தடை இல்லாத இடத்தில், குறுக்கே எதுவும் வராத இடத்தில், பார்க்கிறீர்களா என்று கேட்பதுபோல் அவள் விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது. கொஞ்ச தூரம் போய் இன்னொரு முறை. அவன் பிரேக்கை மிதித்தான். தன் விளக்கு தெரியாமல் பின்னால் வருகிறவர்களுக்காக ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, மெல்ல, மெல்ல என்று அசைத்தான்.