வண்டி தூக்கிப் போட்ட இடம்

1

இந்தக் கதையை நானாக எடுத்து எழுதவில்லை. கதைக்குள் வருகிற ஆளே என்னிடம் வந்து கேட்டு வாங்கிய கதை இது.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு கேட் ஆபீஸ் வேலை. வருகிற ட்ரெய்லர்களின் பெட்டி நம்பரைச் சரிபார்ப்பது, சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது, தாமதமானால் டிரைவர்களிடம் ஏச்சு வாங்குவது. ஓய்ந்த நேரத்தில் நான் கதை எழுதுவது யார்டில் எல்லோருக்கும் தெரியும். படித்தவர்கள்தான் யாருமில்லை.

ஒருநாள் மத்தியானம் தேவமணி டீ கிளாசோடு வந்து என் ஜன்னலில் சாய்ந்து நின்றான். பதினைந்து வருஷமாக ட்ரெய்லர் ஓட்டுகிறவன். ஆள் வாட்டசாட்டம், பேச்சு கொஞ்சம்.

"அண்ணாச்சி, என்னைய வச்சு ஒரு கதை எழுதுங்க."

"உன்னைய வச்சா? அப்படி என்னலே செஞ்சே?"

"ஒண்ணுஞ் செய்யல. அதத்தான் எழுதச் சொல்லுதேன்."

எழுதுகிறவனுக்கு இதைவிடச் சங்கடமான உத்தரவு கிடையாது. ஒன்றும் செய்யாதவனை வைத்துக் கதை எழுதுவது முழம் போட்டுக் காற்றை அளக்கிற வேலை. ஆனால் அவன் நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிப் போனது. வெளியே நின்ற வண்டிகள் ஹாரன் அடித்து ஓய்ந்தன.

"என்ன மாதிரி இன்னொரு டிரைவர் எங்கயாவது வண்டியத் திருப்பிக்கிட்டு நிப்பான், அண்ணாச்சி. ஒலகத்துல தனக்கு மட்டுந்தான் இப்படின்னு நெனச்சுக்கிட்டு. அவன் படிக்கணும்லா."

சரி என்றேன். அப்போது எனக்குத் தெரியாது, இந்தக் கதைக்கு நான் நினைத்த முடிவை வைக்க முடியாது என்று.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"புதுக்கோட்டையைத் தாண்டியதும் பின்சக்கரத்துக்கு அடியில் மெத்தென்று ஏதோ நசுங்கியது. தேவமணி பிரேக்கை—"

இதற்கு மேல் எழுதவில்லை. 'மெத்தென்று' என்ற சொல் விழுந்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அது நல்ல சந்தோஷம் இல்லை. சக்கரத்துக்கு அடியில் ஒரு பிணத்தைப் போட்டுவிட்டால் கதை தன்னால் ஓடும் என்று எந்த எழுத்தாளனுக்கும் தெரியும். ஆனால் அவன் கேட்டது அதுவல்ல.

இரண்டாம் முயற்சி:

"மனநோய்கள் பலவகைப்படும். அவற்றுள்—"

எழுதிய எனக்கே கொட்டாவி வந்தது. விட்டுவிட்டேன்.

மூன்றாவது, நடந்தது நடந்தபடி. வண்டி ஓனர் செந்தூர்பாண்டி அண்ணாச்சி ஒருநாள் தன் போனில் ஜி.பி.எஸ்.ஸைப் பார்த்தார்.

திருநெல்வேலி ரோட்டில், தூத்துக்குடியை அடுத்த சின்ன ஊரான புதுக்கோட்டை தாண்டி, ஒட்டுப் போட்ட இடம் ஒன்று உண்டு. வண்டியை ஒரு தூக்குத் தூக்கிப் போடும். (தேடிக்கொண்டு போகாதீர்கள். நம் ரோடுகளில் அப்படிப்பட்ட இடத்துக்குப் பஞ்சமில்லை.) அந்த இடம் வந்தால் தேவமணியின் வண்டி நேரே போவதில்லை. ரோட்டு நடுத்தடுப்பில் அடுத்த இடைவெளிவரை போகிறது, திரும்புகிறது, எதிர்ப்பக்கமாக வருகிறது, மறுபடி திரும்பி அதே இடத்தைக் கடக்கிறது. சில நாள் இரண்டு மூன்று சுற்று. நாற்பதடிப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஒருவன் கோயில் பிரகாரம்போல ரோட்டைச் சுற்றினால் ஓனர் என்ன நினைப்பார்?

டீசல் திருட்டு என்று நினைத்தார். டேங்கில் குச்சியை விட்டுப் பார்த்தார். ஓடிய தூரத்துக்கு டீசல் சரியாக இருந்தது. அப்புறம் மிச்சமிருக்கிற காரணம் ஒன்றுதானே? "அங்கன ஒருத்திய வச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டார். யார்டே நம்பியது. நானும் நம்பினேன். கொஞ்சம் பொறாமையும் பட்டேன்.*

* என் வீட்டில் நான் எழுதுவதைப் படிக்கிற வழக்கம் இல்லை என்ற தைரியத்தில் இந்த வரியை அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

3

பேச்சு ஜெபசுதாவின் காதுக்குப் போனது. ஜெபசுதா தேவமணியின் மனைவி. மட்டக்கடைப் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறாள்.

முதலில் நான் அவளை இப்படி எழுதினேன்: "ஜெபசுதா கொதித்து எழுந்தாள். கத்தரிக்கோலைத் தூக்கி—"

கதைக்காக அவளிடமும் கேட்கப் போயிருந்தேன். இந்த வரியை வாசித்துக் காட்டியதும் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "கோவமெல்லாம் வரல அண்ணாச்சி. பயந்தான். அவிய ராத்திரி தூங்கறதில்ல, வீட்டுல யார்ட்டயும் பேசறதில்ல. இன்னொருத்தி இருந்தா அவகிட்டயாவது பேசுவாவளேன்னுகூட நெனச்சேன்." கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன்.

நடந்தது இதுதான். திருநெல்வேலியில் சித்தி வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லி ஜெபசுதா ஒருநாள் வண்டியில் ஏறிக்கொண்டாள். புதுக்கோட்டை தாண்டியது. வண்டி தூக்கிப் போட்டது. தேவமணி கண்ணாடியைப் பார்த்தான், மறுபடி பார்த்தான், முகமெல்லாம் வேர்த்துவிட்டது. வண்டியைத் திருப்பி, மறுபடி திருப்பி, ரோட்டோரம் நிறுத்தி இறங்கினான்.

அவள் ரோட்டோரத்து முள் உடைமரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், எவள் வரப்போகிறாள் என்று. எவளும் வரவில்லை. அவள் புருஷன் மட்டும் ரோட்டில் முழங்கால் போட்டு ஒவ்வொரு டயராகக் குனிந்து பார்த்தான். கையால் தடவி, கையை முகர்ந்து பார்த்தான். மரங்களுக்குள் போய்த் தேடிவிட்டு வந்து அவள் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே நின்றான்.

"சுதா, ஏதாச்சும் சத்தங் கேட்டியா? ஆள் கத்துன மாதிரி?"

ஜெபசுதா சிரித்துவிட்டாள். பெண் யாருமில்லை என்ற நிம்மதியில் வந்த சிரிப்பு. அது அடங்குமுன் அவன் முகத்தைப் பார்த்தாள். அழுகை வந்தது. "யாருமில்லங்க. ரோடுதான் தூக்கிப் போட்டுது. நாந்தான் பாத்துக்கிட்டே வந்தேன்லா" என்றாள். அவன் முகம் தெளிந்தது. வண்டியை எடுத்தான்.

கொஞ்ச தூரம் போனதும் கேட்டான்: "நீ நல்லாப் பாத்தியா?"

4

(இந்தப் பகுதியை ஒரு மருத்துவக் கட்டுரையாக எழுதி வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். ஆனால் நோயைச் சொல்லாமல் கதையைச் சொல்ல முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

அதற்கு முன்பே அவன் பல வாசல் ஏறி இறங்கியிருந்தான். ஸ்டியரிங்கைப் பிடித்தால் நெஞ்சை இறுக்குகிறது, மூச்சு முட்டுகிறது, செத்துவிடுவோம் போலிருக்கிறது என்று இதய டாக்டரிடம் போனான். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து இதயம் நன்றாக இருக்கிறது என்றார். தூக்கம் வரவில்லை என்று மாத்திரை, மாத்திரை கேட்கவில்லை என்று குடி. லீவு நாளில் சுவரைப் பார்த்துப் படுத்தால் சாப்பிடக்கூட எழுந்திருப்பதில்லை. ஜெபக்கூட்டத்தில் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். ஒருநாள் தானாகவே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், "ஐயா, நான் ஒருத்தர அடிச்சுப் போட்டுட்டேன்னு நெனைக்கேன்" என்று சரணடைந்தான். ஏட்டு விசாரித்துப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு கேஸும் இல்லை என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அந்த நிம்மதி பஸ் ஸ்டாப்புவரைகூட வரவில்லை.

ஜெபசுதாதான் பாளையங்கோட்டையில் டாக்டர் உமாராணியிடம் அழைத்துப் போனாள். மனநல டாக்டர். அவர் அவசரப்படாமல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னதை ஜெபசுதா எனக்கு அப்படியே சொன்னாள்:

"இதுக்குப் பேர் ஓ.சி.டி. வேண்டாத ஒரு நெனப்பு திரும்பத் திரும்ப வரும். அத அடக்க நீங்க திரும்பத் திரும்பப் போய்ப் பாப்பீங்க. பாக்கப் பாக்க அது வளரும். இதோட போராடிக் களைச்சுப்போய் மனச்சோர்வும் சேந்துக்கிட்டுது. நெஞ்சடைப்பு பதற்றத்துல வர்றது. குடி, தூங்கறதுக்காக வந்தது; இப்ப அதுவே தூக்கத்தக் கெடுக்குது. எல்லாத்தையும் சேத்துத்தான் பாக்கணும்."

தேவமணிக்கு மற்றதெல்லாம் காதில் விழவில்லை. "பேர் இருக்குன்னு சொன்னதும் அழுகை வந்துட்டு, அண்ணாச்சி. பேர் இருக்குன்னா வேற ஆளுக்கும் வந்திருக்குன்னுதான அர்த்தம்?"

ஒரு நோய் என்றால் எழுத எனக்கு வசதி. நான்கு என்றால் கதை சிதறும். இது நான்கா, ஒன்றா? இங்கே என் தொழில்தான் கைகொடுத்தது. சில பெட்டிகள் ஒரே பார்ட்டியின் சரக்கோடு வரும். சிலவற்றில் நாலைந்து பேர் சரக்கு கலந்து வரும். வெளியே ஒரே நம்பர், ஒரே சீல். கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது கடைசியாக ஏற்றியது. முதலில் ஏற்றியது உள்மூலையில் இருக்கும். தேவமணியின் பெட்டியைத் திறந்தவர்கள் கதவோரத்தில் குடியைப் பார்த்தார்கள், நெஞ்சுவலியைப் பார்த்தார்கள். உள்மூலைவரை யாரும் போகவில்லை.

பெருமையாக இதை அவனிடம் வாசித்துக் காட்டினேன். யோசித்தான்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா தூக்கம் வராதது எந்தப் பார்ட்டி சரக்கு, அண்ணாச்சி?"

அது எல்லோருடைய சரக்கும்தான். ஒன்று கசிந்து இன்னொன்றில் ஊறிவிட்டால் எது யாருடையது என்று எந்த கேட் ஆபீசும் பிரிக்க முடியாது. உவமையை அடிக்காமல் விட்டிருக்கிறேன், ஓட்டையோடு.

5

டாக்டர் சொன்னபடி கொஞ்ச நாள் வண்டி எடுக்காமல் இருந்தான். குடியை நிறுத்தினான். மாத்திரை பிடித்தது. டாக்டர் சரி என்ற பிறகுதான் வண்டி ஏறினான். ஓனர் அதுவரை அவன் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தார். ஒரு நிபந்தனையோடு: இனி ஜி.பி.எஸ்.ஸில் வண்டி சுற்றக் கூடாது, சுற்றினால் வேறு ஆள் பார்ப்பேன். அவனுக்குத் தெரிந்த ஒரே தொழில் இதுதான்.

டாக்டரும் அதையேதான் சொல்லியிருந்தார், வேறு காரணத்துக்காக. பயம் வரும், வரட்டும், திரும்பக் கூடாது. திரும்பாமல் போகப் போகப் பயம் தானாக இறங்கும்.

அந்த நாட்களில் அவனிடமிருந்து எனக்கு போன் வரும்.

"கதை எந்த மட்டுல இருக்கு, அண்ணாச்சி?"

"போகுது."

"கதையில... நான் யாரையும் அடிக்கலதான?"

"இல்லலே. ஒரு நாயக்கூட அடிக்கல" என்பேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில். மறுநாளும் போன் வரும், அதே கேள்வியோடு.

ஜெபசுதா கடையிலிருந்து நேரே யார்டுக்கு வந்துவிட்டாள், கழுத்தில் இஞ்ச் டேப்போடு.

"அண்ணாச்சி, அவிய கேட்டா 'இல்ல'ன்னு சொல்லிராதிய. நானும் மாசக்கணக்கா அதத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். வீட்டுல நான் நிறுத்திட்டேன், இப்ப உங்ககிட்ட வாங்குதாவ. நீங்க சொல்லுத ஒவ்வொரு 'இல்ல'யும் அதுக்குத் தீனின்னு டாக்டர் சொல்லிட்டாவ."

"அப்ப என்ன சொல்ல?"

"தெரியாதுன்னு சொல்லுங்க. கதையிலயும் அப்படித்தான் எழுதணும். அவிய படிப்பாவல்லா?"

வாக்குக் கொடுத்தேன். அன்றைக்கு என் கதையின் முடிவு கையைவிட்டுப் போனது. 'அங்கே யாருமே இல்லை' என்று அழகாக ஒரு கடைசி வரி வைத்திருந்தேன். அதை அடித்தேன். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

6

மற்ற முடிவுகளைப் பார்ப்போம்.

(அ) தேவமணி முழுக்கக் குணமாகிவிடுகிறான். பயமே வருவதில்லை. பொய். டாக்டர்கூட அப்படிச் சொல்லவில்லை.

(ஆ) ஒரு ராத்திரி உண்மையிலேயே ஒருவர் குறுக்கே— வேண்டாம். இதை எழுதினால் தேவமணி படிப்பான். அவன் சொன்ன அந்த இன்னொரு டிரைவரும் படிப்பான்.

(இ) வண்டி திரும்பிவிடுகிறது. வேலை போகிறது. இது நடந்திருக்கலாம். இப்போதும் நடக்கலாம். எழுதக் கை வரவில்லை.

முடிவு கிடைக்காமல் நான் முதல் பகுதிக்குப் போவதும், வாக்கியங்களைச் சரிபார்ப்பதும், மறுபடி போவதுமாக இருந்தேன். தேவமணி ஜன்னலில் நின்று இதைப் பார்த்தான்.

"எத்தன தரம்தான் திரும்புவிய? நாளைக்கு நம்ம வண்டில வாங்க."

7

போனேன். நல்ல வெயில். கேபினில் அவன் வலப்பக்கம், நான் இடப்பக்கம், பின்னால் நாற்பதடிப் பெட்டி. புதுக்கோட்டைவரை பேசிக்கொண்டு வந்தவன் அதைத் தாண்டியதும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

வண்டி தூக்கிப் போட்டது.

அவன் கை ஸ்டியரிங்கை இறுக்கியது. உதட்டின் மேல் வேர்வை துளிர்த்தது. கண் ரோட்டிலேயே இருந்தது.

"பயமா இருக்கா?" என்றேன்.

"இருக்கு." ஒரு மூச்சு விட்டான். "இருக்கட்டும்."

தூரத்தில் வண்டி திரும்புகிற இடைவெளி தெரிந்தது. அப்போதுதான் அவன் என் பக்கம் பார்த்தான். பார்த்ததும் வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்தான்.

"அண்ணாச்சி, நீங்க எதுக்குக் கண்ணாடியப் பாக்கிய?"

ஆமாம். வண்டி குலுங்கிய நேரத்திலிருந்து என் தலை இடப்பக்கக் கண்ணாடியிலேயே இருந்திருக்கிறது. மூக்கு ஜன்னலில் இடிக்காத குறை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருக்கையில் அந்த இடைவெளி வலப்பக்கமாக வந்து, கடந்து, பின்னால் போயிற்று. வண்டி வேகம் குறையவில்லை. நான் இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்தேன். இவ்வளவு நாள் என் நெஞ்சிலும் ஏதோ ஒன்று இறுகிக் கிடந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

கண்ணாடியில் என்ன தெரிந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். ஜெபசுதாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

உங்களுக்கு இப்போது இரண்டாம் பகுதிக்குப் போய், அந்த நிறுத்திவிட்ட வாக்கியத்தில் சக்கரத்துக்கு அடியில் என்ன இருந்தது என்று ஒருமுறை பார்த்துவிட்டு வரலாமா என்று தோன்றும். தோன்றட்டும். டோல்கேட் வந்துவிட்டது. வல்லநாட்டில் டீ குடிக்கலாம் என்கிறான் தேவமணி.