உப்புத் தண்ணீருக்கு ஒரு கால்சட்டை

“அந்தச் சோடி வேண்டாம்ணே. அடியில ஆணி இருக்கு, பாருங்க.”

“ஆணி இருந்தா வழுக்காதுங்களே?”

“பாறையில வழுக்காது. எங்க ஓடைத் தண்ணி இளநியாட்டம் இருக்கும், அதுல ஆணி பத்து வருசம் நிக்கும். நீங்க நிக்கப்போறது உப்புல. நாலு மாசந்தான் தாங்கும். அப்புறம் துரு ஏறி ஆணி கழண்டு, அந்த ஓட்ட வழியா கடலே உள்ள வந்து குடியேறிரும்.”

என் அண்ணன் அப்புசாமி, கையிலிருந்த சோடியைத் தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல் பெஞ்சின் மேல் கிடத்தினான். மார்பு வரை ஏறும் ரப்பர் கால்சட்டை அது. கீழே பூட்ஸும் அதோடு சேர்ந்தே இருக்கும். உள்ளே இறங்கித் தோளில் இரண்டு வார்களை மாட்டிக்கொண்டால் இடுப்பளவு தண்ணீரில் நின்றாலும் கால் நனையாது. எஸ்டேட் மீன்பிடி கிளப்பின் பதிவேட்டில் அதற்கு ‘வேடர்ஸ்’ என்று பெயர். மறையூருக்கு மேலே, மலை ஓடைகளில் ட்ரவுட் மீன் பிடிப்பதற்காக வெள்ளைக்காரத் துரைகள் வரவழைத்தவை. அந்த எழுபத்து நாலாம் வருஷத்தில் துரைகள் ஒவ்வொருவராகத் தங்கள் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தூண்டிலை ஆசையாக எடுத்துப் போனவர்கள் கால்சட்டையை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள்.

ஆணியை வேண்டாம் என்றவள் சாந்தம்மாள். பாலக்காட்டில் என்னோடு டீச்சர் டிரெயினிங் படித்தவள். ஹாஸ்டலில் எனக்கு அடுத்த கட்டில். படிப்பு முடிந்ததும் நான் எலப்புள்ளிக்குத் திரும்பி, வேலை உத்தரவு வருமென்று தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தேன். அவள் மலையேறி, தான் பிறந்த எஸ்டேட்டிலேயே கிளப் ஸ்டோருக்குப் பொறுப்பாளராகிவிட்டாள். ரப்பரில் எங்கே ஓட்டை விழுந்தாலும் சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுவதுபோல் ஒட்டிவிடுவாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைவிட இது தேவலை, குத்தினால் மட்டும்தான் சத்தம் போடும் என்று எனக்கு எழுதியிருந்தாள்.

கால்சட்டை யோசனை என்னுடையது. பாலக்காட்டு நூலகத்தில் எடுத்த ஒரு மொழிபெயர்ப்பு நாவலில், பனிக்கட்டி மிதக்கும் வடகடலில் ஒருவன் மார்பு வரை ரப்பர் உடுத்தி வலை இழுக்கிறான். அவன் காதலி கரையில் விளக்கோடு நிற்கிறாள். நான் காதலி வருகிற இடத்தை அண்ணனுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். அவன் கேட்டதெல்லாம், அந்த ஆள் என்ன உடுத்தியிருந்தான், அதை மறுபடி படி என்பதுதான்.

அவனுக்கு அது கதையல்ல. பொன்னானி அழிமுகத்தில், ஆறு கடலில் சேரும் இடத்தில், மீன் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் தற்காலிக வேலை கிடைத்திருந்தது. தினமும் காலையில் உப்புத் தண்ணீரில் இறங்கி வலை வீச வேண்டும். அகப்பட்ட மீனை வகை பிரித்து, நீளம் அளந்து, நோட்டில் குறிக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து, நிற்கிற ஆளைப் பார்த்து நிரந்தரமாக்குவார்கள். அண்ணனுக்கு அந்த வேலை உயிர். ஆனால் இரண்டே மாதத்தில் முழங்காலுக்குக் கீழே தோல் வெடித்துப் புண்ணாகிவிட்டது. உப்புப் படாமல் இருந்தால் ஆறும், பட்டால் ஆறாது என்று டாக்டர் சொன்னார். தண்ணீரில் இறங்க முடியாதவன் ஊருக்குப் போகலாம் என்று சூப்பர்வைசர் சொன்னார். இருவர் சொன்னதும் சரிதான். அண்ணன்தான் நடுவில் நின்றான்.

எங்கள் அப்பா குப்பண்ணன் ஒரே ஒரு தடவை, பாத்தி கட்ட முடியாத தண்ணியில நின்னு என்னத்தப் பண்றே என்று கேட்டார். அதற்கு மேல் கடலைப் பற்றி வீட்டில் பேச்சே எடுக்கவில்லை. எட்டு ஏக்கர் விவசாயக் காட்டை ஒரே மகன் பார்த்துக்கொள்வான் என்று இருந்தவருக்கு வேறென்ன சொல்ல இருக்கும்.

சாந்தம்மாள் இரண்டாவது சோடியை எடுத்தாள். இதற்கு ஆணி கிடையாது, அடியெல்லாம் ரப்பர். சேற்றுக்கும் மணலுக்கும் அதுதான் நல்லது என்றாள். முழங்கால் மடிப்பை விரித்து வெடிப்பு இருக்கிறதா என்று நகத்தால் தடவினாள். ஜன்னலைச் சாத்திவிட்டு டார்ச்சை உள்ளே விட்டுப் பார்த்தாள். இடது காலில் ஒரே ஒரு நட்சத்திரம் தெரிந்தது. அதற்கு அங்கேயே ஒட்டுப் போட்டாள். இரும்புப் பக்கிளைக் கழற்றிப் பித்தளை மாட்டினாள். பிறகு அண்ணனை அதை உடுத்திக்கொண்டு குந்தி உட்காரச் சொன்னாள்.

“எதுக்குங்க?”

“நிக்கறப்ப எல்லா உடுப்பும் பொருந்தும்ணே. குந்துனாத்தான் தையல் பேசும்.”

அண்ணன் குந்தினான். தையல் பேசவில்லை. நான்தான் சிரித்துவிட்டேன்; பிள்ளையார் சதுர்த்திக்குச் செய்த களிமண் யானை மாதிரி இருந்தான். சாந்தம்மாள் சிரிக்காமல் அவன் இடுப்பைச் சுற்றி ஒரு பெல்ட்டை இறுக்கினாள். ஆழத்தில் கால் தவறினால் மேல்வழியாகத் தண்ணீர் புகுந்து ஆளைக் கீழே இழுக்கும், பெல்ட் இருந்தால் அது மெதுவாகத்தான் புகும், அதற்குள் கரைக்கு வந்துவிடலாம் என்றாள். பெல்ட் இல்லாமல் இறங்கியது தெரிந்தால் மலையிலிருந்து இறங்கி வந்து கால்சட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவேன் என்றும் சொன்னாள்.

கிளப் செயலாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். புறப்படும்போது சாந்தம்மாள் பராமரிப்பு விதிகளைச் சொன்னாள், நான் எழுதிக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் உள்ளும் புறமும் கழுவ வேண்டும். வெயிலில் போடக்கூடாது. மடித்து வைக்கக்கூடாது. காலைக் கட்டித் தலைகீழாக நிழலில் தொங்கவிட வேண்டும். ஐந்தாவதாக, எண்ணெய் எதுவும் படக்கூடாது என்றாள். அப்போது பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு ஏறி ஸ்டோர் வாசல் வரை வந்துவிட்டது. நான் அந்த நாவலின் வடகடலில் இருந்தேன். ரப்பருக்கு எவர் எண்ணெய் பூசப்போகிறார்கள் என்று நினைத்து, அதை எழுதாமலே தாளை மடித்தேன்.

அடுத்த மூன்று மாதம் எல்லாம் நன்றாகப் போயிற்று. அழிமுகத்தில் முதலில் சிரித்தார்களாம். பாலக்காட்டுக்காரன் தோணிக்குள் காலை விட்டுக்கொண்டு வந்திருக்கிறான் என்றார்களாம். ஒரு மாதம் கழித்து அதே ஆட்கள், இதுபோல இன்னொன்று கிடைக்குமா என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அண்ணனின் புண் ஆறி, காலில் புதுத்தோல் பளபளத்தது. லீவுக்கு வரும்போதெல்லாம் கால்சட்டையையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான். கிணற்றடியில் கழுவி, மாட்டுக்கொட்டகை விட்டத்தில் தலைகீழாகக் கட்டுவான். முதல் தடவை சாயங்காலம் மேய்ச்சலிலிருந்து வந்த எருமை, அதைப் பார்த்துவிட்டு உள்ளே வர மறுத்தது. பக்கத்துக் காட்டுப் பெரியம்மாள் பால் வாங்க வந்து, கொட்டகையில் ஒருவன் பாதாளத்துக்குள் பாய்ந்துகொண்டிருக்கிறான் என்று வீட்டுக்குள் ஓடி வந்தாள். நான்கு விதிகள் எழுதிய தாளை நான் தூணில் ஒட்டினேன். அப்பா அதைக் கடந்து போவார், வருவார். கால்சட்டையை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். அப்படித்தான் நாங்கள் நினைத்தோம்.

நவம்பரில் கல்பாத்தித் தேருக்கு அண்ணன் நான்கு நாள் லீவில் வந்தான். வரும் திங்கட்கிழமை கொச்சியிலிருந்து மேனேஜர் வருகிறார், தற்காலிக ஆட்களைத் தண்ணீரில் நிற்கவைத்துப் பார்த்து யார் யாரை வைத்துக்கொள்வது என்று அன்றே முடிவு செய்வார் என்றான். அதை அப்பா இருக்கும்போதுதான் சொன்னான். அப்பா வெற்றிலையை மென்றுகொண்டே மோட்டார் போட எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை நானும் அண்ணனும் கல்பாத்திக்குப் போய்விட்டு, பொரியும் வளையலும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம். வாசலிலேயே வேப்பெண்ணெய் மணம் மூக்கைத் துளைத்தது. அப்பா கொட்டகையில் கால்சட்டையை இறக்கி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சட்டியும் பழந்துணியும். கறுத்த ரப்பர் மினுமினுவென்று, புதிதாகக் குளித்த எருமைக் கன்றுபோல் இருந்தது.

எங்கள் கிணற்றில் மோட்டார் வந்து ஐந்து வருஷமாகியிருந்தது. ஆனாலும் கரண்ட் நின்றுபோனால் அப்பா மாடுகளைப் பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைப்பார். தண்ணீர் மொள்ளும் தோல்பையைப் பறி என்போம். அந்தப் பறி காய்ந்தால் வெடிக்கும். மாதம் ஒருமுறை வேப்பெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து பூசினால்தான் தோல் மெதுவாக இருக்கும், எலியும் கடிக்காது. தண்ணீரில் கிடந்து தண்ணீரை வெளியே விடாத பொருள் என்று அப்பாவுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

“முட்டிகிட்ட வறண்டு கெடந்துதுடா,” என்றார் அண்ணனிடம். “ரெண்டு கை பூசியிருக்கறேன். திங்கக்கெழம மேனேஜர் பாக்கறப்ப பளிச்சுன்னு இருக்கோணுமில்ல.”

அந்த வேலையைப் பற்றி அப்பா அண்ணனிடம் தானாகப் பேசிய முதல் நல்ல வார்த்தை அது. கோபித்துக்கொள்ள அவனுக்கு இடமே இல்லாமல் போய்விட்டது.

நான் உள்ளே ஓடி அரப்புத் தூளை எடுத்து வந்தேன். தலையெண்ணெய் போக நாங்கள் தேய்ப்பது அதுதானே. அண்ணனும் நானும் கிணற்றடியில் அந்தக் கால்சட்டைக்கு எண்ணெய்க் குளியல் முடித்துவைத்தோம். மேலே இருந்தது போயிற்று, உள்ளே இறங்கியது போகவில்லை. காலையில் பார்த்தபோது முழங்கால்கள் பஞ்சுபோல் உப்பியிருந்தன. விரல் வைத்தால் ஒட்டிக்கொண்டது. சாந்தம்மாள் போட்ட ஒட்டு, வாடிய இலைபோல் சுருண்டு தொங்கியது. அப்போதுதான் ஐந்தாவது விதியை நான் சொன்னேன். எழுதாமல் விட்டதையும் சொன்னேன். அண்ணன் என்னைத் திட்டவில்லை. அந்த நாவலில் காதலி நனைந்தாளா என்று மட்டும் கேட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பா தூணிலிருந்த தாளைப் பிய்த்து, நான்கு விதிகளையும் என்னை வாசிக்கச் சொன்னார். பிறகு வேட்டியை மாற்றிக்கொண்டு, கால்சட்டையை ஒரு பழைய சாக்கில் போட்டுத் தோளில் தூக்கினார். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாலக்காட்டு பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கட்டும், நாங்கள் வந்து சேருவோம் என்றார்.

பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று மூன்று பஸ் மாறினோம். மூன்றிலும் எங்களைச் சுற்றி இரண்டு சீட் காலியாக இருந்தது, வேப்பெண்ணெய் மணம் அப்படி. அப்பா அதுவரை மலை ஏறியதில்லை. தேயிலைச் சரிவுகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர், இத்தனை செடிக்கும் யார் தண்ணீர் கட்டுகிறார்கள் என்று கண்டக்டரிடம் கேட்டார். மழைதான் என்றார் கண்டக்டர். அப்பாவுக்கு அது அநியாயமாகப் பட்டது. ஒரு வளைவு தாண்டும் வரை தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஸ்டோருக்குப் போய்ச் சேர்ந்தோம். சாக்கைப் பிரித்ததும் சாந்தம்மாளின் முகம் மாறியது. கட்டைவிரலால் முழங்காலை அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் ரேகை அப்படியே நின்றது.

“இத இனிமே தண்ணிக்குக் கொண்டுபோவ முடியாது கமலா. ஒட்டுனாலும் நிக்காது.” என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். “எண்ணெ ஆகாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா?”

நான் பேசுவதற்குள் அப்பா முன்னால் வந்தார். சுவர் ஆணியில் தொங்கிய, அடியில் ஆணி வைத்த சோடியை அவர் உள்ளே நுழைந்தபோதே பார்த்துவிட்டார். அதைக் கொடுக்க முடியுமா என்று நான் கேட்டேன். சாந்தம்மாள் பதிவேட்டைத் திறந்து காட்டினாள். போன வாரம்தான் அது எஸ்டேட்டின் புது மேனேஜர் பெயரில் எழுதப்பட்டிருந்தது. அவர் இன்னும் ஓடைப் பக்கமே போகவில்லை, ஆனால் செயலாளர் கையெழுத்தில்லாமல் ஒரு தூண்டில் முள்கூட வெளியே போகக்கூடாது. செயலாளர் கொச்சிக்குப் போயிருந்தார், செவ்வாய்க்கிழமைதான் திரும்புவார். ஸ்டோர்ச் சாவி சாந்தம்மாளின் இடுப்பில் இருந்தது. சோடி வெளியே போனது தெரிந்தால் அந்தச் சாவி அங்கே இருக்காது என்பதை அவள் சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.

அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். காட்டில் நின்று அடுத்த வயல்காரரிடம் தண்ணீர் முறை கேட்கும்போதுகூட அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

“தப்பு எம்மேலதானுங்க அம்மிணி. புள்ளை மேல கோவிக்காதீங்க. உப்புத் தண்ணியில ஆணி நாலு மாசம் தாங்கும்னு நீங்களே சொன்னீங்களாமா. எனக்கு நாலு மாசம் வேண்டாமுங்க, திங்கக்கெழம ஒரு நாள் போதும். அவன் தண்ணிக்குள்ள நின்னாகோணும். செவ்வாக்கெழம செயலாளர் வர்றதுக்குள்ள நானே கொண்டாந்து இந்தச் செவுத்து ஆணியில மாட்டிப் போடறேன், நல்ல தண்ணியில கழுவி, தலைகீழா. எண்ணெச் சட்டிகிட்டப் போகமாட்டேனுங்க. ஒரே ஒரு நாளைக்கு எரவலாக் குடுங்க அம்மிணி.”