வாளி அக்காவின் கால்

எங்கள் சபையில் எனக்கு வாளி அக்கா என்று பெயர். யார் வைத்தார்கள் என்று தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கால் கழுவும் ஆராதனை நடக்கும். ஆண்கள் கூடத்தில், பெண்கள் பின்னறையில். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் காலை ஒருவர் கழுவித் துடைக்க வேண்டும். ஆண்டவர் தம் சீடர்களுக்குச் செய்ததை நாங்களும் செய்கிறோம். அது முடிந்துதான் திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும். கால் கழுவிக்கொள்ளாதவர்கள் அப்பம் எடுப்பதில்லை.

பின்னறையில் வெந்நீர் கலப்பது, பேசின் வைப்பது, துண்டு கொடுப்பது, அழுக்குத் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொட்டுவது எல்லாம் நான். அழுக்குத் தண்ணீர் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். எங்கள் பெண்கள் வீட்டிலேயே கல்லால் தேய்த்துக் கழுவி, பவுடர் போட்டு, நகத்துக்குச் சாயமும் பூசிக்கொண்டுதான் வருவார்கள். கழுவிய காலைத்தான் கழுவுவோம். நான் கொட்டும் தண்ணீரில் முகம் கழுவலாம்.

ஓடியாடிக்கொண்டே இருப்பதால் நான் உட்காருவதில்லை. என் காலை யாரும் கழுவியதும் இல்லை. ஆனாலும் எல்லோரோடும் போய் அப்பம் எடுப்பேன். வாளியும் கையுமாக நிற்பவளிடம் யார் போய்க் கேட்பார்கள்? பாஸ்டரம்மா ஒவ்வொரு முறையும், "தாழ்மைன்னா என்னன்னு இந்த அக்காவப் பாத்துக் கத்துக்குங்க" என்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். உள்ளே ஜில்லென்று இருக்கும்.

என் கணவர் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து படுக்கையானபோதும் அப்படித்தான். துடைப்பது, புரட்டிப் போடுவது, மலம் அள்ளுவது எல்லாம் நானே. சலவை நிலையத்தில் சொல்லி அரை நாள் வேலை வாங்கிக்கொண்டேன். அவருடைய தங்கை, என் நாத்தனார், வாராவாரம் ஆராதனை முடிந்ததும் பழப்பையோடு வந்து நிற்பாள்.

"அண்ணி, இன்னைக்கு நான் துடைச்சு விடட்டுமா?"

"உனக்கு எதுக்கும்மா கஷ்டம்? உக்காரு, டீ போடறேன்."

டீயைக் குடித்துவிட்டு வாசலில் நின்று அண்ணனை எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். அவளுக்கு வேலை ஓடாது. ஒரு தலையணை உறையைக்கூட நேராக மாட்டத் தெரியாது. இன்னொருத்தர் மடித்ததை நான் பிரித்து மறுபடி மடிக்கிற ரகம். இதில் நான் யாரை விட முடியும்? அடுத்த வாரமும் வருவாள், அதே கேள்வி, அதே டீ. கடைசி வரைக்கும் நான் அவளை விடவில்லை. ஒரு நாள் காலையில் அவர் மூச்சு நின்றபோதும் நான்தான் குளிப்பாட்டினேன். அவள் வந்து சேர்ந்தபோது சட்டைப் பொத்தான்கூடப் போட்டு முடித்திருந்தேன்.

நான் அழவில்லை. கல்நெஞ்சக்காரி என்று பேசியிருப்பார்கள், பேசட்டும். எனக்கு உண்மையாகவே ஒன்றும் வரவில்லை. சாப்பாடு மண் மாதிரி இருந்தது, சாப்பிட்டேன். படுத்தால் தூங்கினேன். அடுத்த வாரமே முழு நாள் வேலைக்குப் போய்விட்டேன்.

ஹோட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குவது என் வேலை. வெள்ளைத் துணி தரையில் புரளும் என்பதால் அந்த அறைக்குள் செருப்புப் போடக் கூடாது. மூட்டைகளில் துண்டுச் சீட்டு குத்தியிருக்கும் ஸ்டேப்ளர் பின்கள் தரையெங்கும் கிடக்கும். நாளுக்கு ஒருத்தராவது "ஐயோ" என்று ஒரு காலில் நொண்டுவார்கள். நான் மட்டும் நொண்டியதில்லை. "அக்காவுக்குக் கால் இல்ல, குளம்பு" என்று இஸ்திரிக்காரர் கிண்டலடிப்பார்.

ஒரு நாள் வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மற்றது பஸ்ஸிலேயே கழன்று போயிருக்கிறது. தெருவெல்லாம் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறேன், தெரியவே இல்லை. துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எனக்குச் சர்க்கரை உண்டு. அவர் படுத்ததிலிருந்து நான் டாக்டர் பக்கமே போகவில்லை. அதையும் இதையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

அதற்கடுத்து வந்த கால் கழுவும் ஆராதனையில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

முதலில் பாஸ்டரம்மா பரிசுத்தமான வாழ்க்கையைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். எனக்குப் பரிசுத்தம் என்றாலே வெளுத்து மடித்த விரிப்புதான் ஞாபகம் வரும். கறை இல்லை, சுருக்கம் இல்லை, யாரும் படுக்கவும் இல்லை. அவர் பேசப் பேச என் புத்தி வேறெங்கோ போனது. பன்னிரண்டு பேர் புழுதிக் காலை ஆண்டவர் துடைத்தாரே, கடைசியில் அந்தத் துண்டு என்ன கதியாகியிருக்கும்? அந்த அழுக்கு நிச்சயம் முதல் தண்ணீரில் போயிருக்காது. காட்டிக்கொடுக்கப் போகிறவன் காலைத் துடைத்ததும் அதே துண்டுதானே. தொழில் புத்தி, போகாது.

எல்லோரும் ஜோடி சேர்ந்து உட்கார்ந்தார்கள். நாத்தனார் மட்டும் துண்டைப் பிடித்தபடி தனியாக நின்றாள். அவளுக்கு எப்போதும் ஜோடியாக வரும் தையல்காரம்மா, மகள் பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தார்.

"வாளி அக்கா, இன்னைக்கு நீங்க உக்காருங்க" என்றார் பாஸ்டரம்மா.

"தண்ணி மாத்தணும், அம்மா. வேலை கிடக்கு."

"தண்ணிய நான் பாத்துக்கறேன். நீங்க உக்காராட்டி அவங்க எப்படி அப்பம் எடுப்பாங்க?"

அறையே திரும்பிப் பார்த்தது. நாத்தனார் என்னைப் பார்த்தாள், வாசலில் பழப்பையோடு நிற்பாளே, அதே மாதிரி. எனக்கு எரிச்சலாக வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு எனக்கு வந்த முதல் உணர்ச்சி அந்த எரிச்சல்தான்.

சரி, முதலில் நான் கழுவுகிறேன் என்று முந்திக்கொண்டேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காலைப் பேசினில் வைத்தாள். பெருவிரலைவிட அடுத்த விரல் நீளம். சுண்டுவிரல் உள்பக்கம் மடங்கியிருந்தது. என் கணவருடைய கால். அளவுதான் சின்னது. அந்தக் காலை இரண்டு வருஷம் தினமும் கழுவியிருக்கிறேன், இவளுக்கும் அதே கால் என்று எனக்குத் தெரியாது. இவள் காலை நான் எங்கே பார்த்தேன்? கழுவினேன், விரலிடுக்கில் துடைத்தேன். அழுகை வருமோ என்று காத்திருந்து பார்த்தேன். வரவில்லை.

அப்புறம் இடம் மாறி உட்கார்ந்தோம். என் வலது காலை எடுத்துத் தண்ணீரில் வைத்தாள். ஒருத்தி என் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு முதுகெல்லாம் கூசியது. எழுந்து ஓடிப்போய்ப் பத்து வாளி தூக்கலாம் போலிருந்தது. ஆண்டவர் கழுவ வந்தபோது சீடர் பேதுரு காலை இழுத்துக்கொண்டது பணிவால் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது சந்தேகமாக இருந்தது.

உள்ளங்காலைத் தடவிய அவள் கை நின்றது. காலைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். முகம் மாறியது. அப்போதுதான் எனக்கும் அந்த வாடை தெரிந்தது. படுக்கையில் கிடந்த உடம்பைக் கவனித்தவளுக்கு அது என்ன வாடை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"அண்ணி, உள்ள என்னமோ குத்தியிருக்கு. சீழ் வச்சிருக்கு. வலிக்கலையா?"

"இல்லையே."

ஸ்டேப்ளர் பின். எத்தனை நாளாகக் கிடந்ததோ, விரலுக்குக் கீழே ஆழமாக இறங்கியிருந்தது. பேசின் தண்ணீர் கலங்கியிருந்தது. அந்த அறையில் முதல் முறையாக உண்மையான அழுக்குத் தண்ணீர், அதுவும் வாளி அக்கா காலிலிருந்து. பக்கத்து நாற்காலிகளில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வெட்கத்தில் காலை வெடுக்கென்று இழுத்தேன்.

"விடும்மா. உனக்கு எதுக்குக் கஷ்டம்? நானே பாத்துக்கறேன்."

அவள் விடவில்லை. கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நிமிர்ந்து பார்த்தவள் கண்ணில் தண்ணீர் இல்லை, கோபம் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

"அண்ணனுக்கும் இதையேதான் சொன்னீங்க. நான் வந்து வந்து டீ குடிச்சிட்டுப் போனேன். எனக்கு டீயா வேணும், அண்ணி?"

இழுத்த காலை விட்டேன். அது அவள் மடியில் போய் விழுந்தது. புடவை நனைவதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. பாஸ்டரம்மா குனிந்து பார்த்துவிட்டு, "அப்பம் அடுத்த தடவை எடுத்துக்கலாம், முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க" என்றார். பின்னறைக் கதவு வழியாக நாத்தனார் என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனாள். வாளிகளை யார் கொட்டினார்களோ தெரியாது.

டாக்டர் பின்னை எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். டங் என்று சத்தம் கேட்டது, வலி தெரியவில்லை. ஒரு சின்னக் குச்சியால் என் இரண்டு உள்ளங்காலையும் அங்கங்கே தொட்டு, "தெரியுதா? இப்ப?" என்று கேட்டுக்கொண்டே போனார். இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே போனேன். புத்தி பேதலிக்கவில்லை, சர்க்கரையில் கால் மரத்துப்போயிருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் விரலை எடுத்திருக்க வேண்டும், அதோடு நின்றிருக்குமா என்றும் சொல்ல முடியாது என்றார். பின் எடுத்தால் போதாதாம். தினமும் யாராவது உள்ளங்காலைப் பார்த்து மருந்து வைக்க வேண்டுமாம்.

"நானே பாத்துக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"உங்க உள்ளங்கால உங்களால எப்படிம்மா பாக்க முடியும்? குனிஞ்சு பாருங்க, பாப்போம்."

குனிந்தேன். என் வயதுக்கும் இடுப்புக்கும் முட்டி வரைதான் முடிந்தது. நாத்தனார் என்னைக் கேட்கவே இல்லை. "துணி எப்படிக் கட்டணும், டாக்டர்?" என்று அவரிடமே கேட்டுக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து சாயங்காலம் வேலை முடிந்து வருகிறாள். பழப்பை இல்லை, மருந்துப் பை. டீ போடக்கூட என்னை எழுந்திருக்க விடுவதில்லை. என் கணவரைக் குளிப்பாட்டும்போது நான் உட்கார்ந்த குட்டை ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவாள். கட்டுகிற கட்டைப் பார்க்க வேண்டுமே, கோணலும் மாணலுமாக. முதல் நாள் பிரித்துக் கட்டக் கை பரபரவென்று இருந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அதைவிடக் கஷ்டமான வேலையை நான் இந்த வீட்டில் செய்ததில்லை.

நேற்று கட்டி முடித்தவள் எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, "அண்ணனுக்கு எப்படித் துடைப்பீங்க?" என்றாள்.

எவ்வளவோ நாளாகக் கேட்க நினைத்திருப்பாள் போலிருக்கிறது. குரல் தாழ்ந்து போயிருந்தது.

"காலேருந்து ஆரம்பிப்பேன்" என்றேன். "வலது கால் ஒண்ணும் தெரியாது, சட்டுனு முடிஞ்சிடும். இடது கால்தான் பாடு. கூச்சம். தொட்டா இழுத்துக்குவார். பேச்சே வரலை, ஆனா சிரிப்பு மட்டும் வரும். கடைசி வாரம் வரைக்கும் சிரிச்சார்."

"சின்னப் பிள்ளையிலயே அப்படித்தான் அண்ணி. நான் கிச்சுகிச்சு மூட்டினா கட்டிலை விட்டு உருண்டு விழுவான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் என் முட்டியில் முகத்தை வைத்து அழுதாள். ஓர் ஈரத்துணியைக் கையில் கொடுத்து இவளை ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்த அறைக்குள் விட்டிருக்கலாம். அந்தச் சிரிப்பு எனக்கு மட்டும் சொந்தமா என்ன? அவள் தலையில் கை வைத்தேன். எனக்கு அழுகை வரவில்லை. வரும்போது வரட்டும்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் காலையும் காட்டுங்க, பாத்துடறேன்" என்றாள்.

அதில் புண் இல்லை, வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நீட்டினேன். மடியில் வாங்கி, ஒவ்வொரு விரலாக விலக்கி, உள்ளங்கையால் பாதத்தைத் தடவிப் பார்த்தாள். தொட்டது எனக்குத் தெரியவில்லை. அதனால் அவள் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.