சிவப்புப் புள்ளி வைத்த சுவிட்ச்

"அதைப் பிடுங்கு! முதல்ல அதைப் பிடுங்கு!"

கூடமே திடுக்கிட்டுத் திரும்பியது. நேற்று மத்தியானத்திலிருந்து வாய் திறக்காமல், ஒரு சொட்டுக் கண்ணீரும் விடாமல் உட்கார்ந்திருந்தவள் போட்ட முதல் சத்தம் அது. கையில் கரண்ட் கெட்டிலோடு நின்ற நாத்தனாருக்கு அழுவதா கோபித்துக்கொள்வதா என்று புரியவில்லை.

"டீ போடத்தான் அண்ணி... வந்தவங்களுக்கு ஒரு வாய்..."

"கேஸ் அடுப்புல போடு. அந்த சுவிட்சுல புள்ளி இருக்கா பாரு. இல்லல்ல? அப்ப தொடாதே. உங்கண்ணன் படுத்திருக்கிற பெட்டி ஓட வேண்டாமா?"

புள்ளி என்றால் சிவப்பு நகப்பூச்சு. மகளுடைய குப்பியைத் திருடி, வீட்டில் சில சுவிட்சுகளுக்கு மட்டும் அவள் வீட்டுக்காரர் வைத்தது. ஊர்க் கரண்ட் நின்று வீடு பேட்டரியில் ஓடும்போது புள்ளி உள்ளதை மட்டும் போடலாம்; மற்றதில் கை வைத்தால் வீடு ரெண்டாகும். லிஃப்ட் மெக்கானிக் இல்லையா, பாதியில் நின்றுபோவது என்றாலே அவருக்கு ஆகாது. கூரையில் சோலார் தகடு, சுவரில் பேட்டரி, வாசலில் கரண்ட் கார் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து சேர்த்தார். தெரு அவரை வெயில்காரர் என்றே கூப்பிட்டது. அவள் தையல்காரி. மிஷினை எப்போது ஓட்டலாம், அயர்ன் பெட்டியை எப்போது வைக்கலாம் என்று வானத்தைப் பார்த்து உத்தரவு போடுகிற மனுஷனோடு குடும்பம் நடத்துவது லேசா? "எனக்கு சக்களத்தி கூரை மேல இருக்கா" என்று, அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

நேற்றும் அதே சண்டைதான். பள்ளிக்கூடச் சட்டைகள் மலையாகக் குவிந்திருந்தன, அயர்ன் போட வேண்டும். "இன்னைக்கு வேண்டாம். காத்து சரியில்ல, வண்டி குடிக்கட்டும்" என்று காரில் வயரைச் சொருகினார். "உங்களுக்கு நான் முக்கியமா, வண்டி முக்கியமா?" என்றாள். "வண்டி எதிர்த்துப் பேசாது" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே படுக்கப் போனவர்தான். எழுப்பப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது. சாயங்காலம் புயல் வந்து ஊர்க் கரண்ட் மொத்தத்தையும் சாய்த்துவிட்டுப் போனது.

இப்போது அவர் கூடத்தின் நடுவே ஃப்ரீசர் பெட்டிக்குள் படுத்திருந்தார். "தெருவுலேயே கரண்ட் இருக்கிற ஒரே வீடு" என்று யாரோ வாசலில் பேசிக்கொண்டது அவள் காதிலும் விழுந்தது. அது உண்மைதான், ஆனால் எத்தனை நேரத்துக்கு? பேட்டரியின் விளக்கு வரிசையில் கடைசிப் பச்சை ஒன்றுதான் மிச்சம். வெளியே விடிந்தும் வானம் இன்னும் மூடிக் கிடந்தது.

கொழுந்தன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சொல்லத் தயங்குவது முகத்திலேயே தெரிந்தது.

"அண்ணி, பாப்பா வர ரயிலை ஜங்ஷன்லயே நிறுத்திட்டாங்களாம். அதுக்கு மேல தண்டவாளத்துல மரம் கிடக்காம். ஜங்ஷன் ரோடு திறந்திருந்தும் பஸ் இல்ல. பெட்டி நின்னுட்டா... காத்திருக்க முடியாது. காலையிலேயே எடுத்துடலாம்னு பெரியவங்க சொல்றாங்க."

"அவ அப்பா முகத்தைப் பார்க்காம எடுக்க விட மாட்டேன்."

"அப்ப இன்னொண்ணு. பக்கத்து வீட்டுக்குப் போற வயரை மட்டும் கழட்டினா கொஞ்ச நேரம் கூட ஓடும்."

மதில் தாண்டிப் போகிற அந்த வயர்! பாட்டு டீச்சருக்கு மூச்சு கெட்டுப்போய் ஆக்சிஜன் மெஷின் வந்த புதிதில், அவளைக் கேட்காமலே அவர் இழுத்துவிட்டது. அதற்கும் சிவப்புப் புள்ளி. "ஊருக்கெல்லாம் ஊழியம் பண்ணுங்க, பொண்டாட்டி இருட்டுல தைக்கட்டும்" என்று அன்றைக்கு அவள் போட்ட கூச்சல் டீச்சர் வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

கேட்டிருந்தது போலும். டீச்சரின் வீட்டுக்காரர் வாசற்படியிலேயே கைகட்டி நின்றுகொண்டிருந்தார். "நானே கழட்டிடறேம்மா. எப்படியாவது அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடறோம்."

"ஆஸ்பத்திரி ரோட்டுலதான் மரம் விழுந்து கிடக்கே, பறந்தா போவீங்க?" அவள் எழுந்தேவிட்டாள். "அவர் வெச்ச புள்ளி அது. அவர் இருக்கிற வீட்டுலயே அதைப் பிடுங்குவேனா? போங்க, போய் டீச்சர் பக்கத்துல உட்காருங்க."

மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அவள் கொழுந்தன் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, கார்ல கரண்ட் இருக்கு. வண்டியிலிருந்து வீட்டுக்கும் எடுக்கலாம், பெட்டி நாள் முழுக்க ஓடும். ஆனா அப்புறம் வண்டி நகராது. பாப்பா வரணும். ஜங்ஷன் ரோடு திறந்திருக்குன்னு சொன்னீங்கல்ல? நீங்க போங்க."

"பெட்டிக்கு?"

"அதை நான் பார்த்துக்கறேன். ஏசி போடாதீங்க. வேகமா மிதிக்காதீங்க. பிரேக்கைச் சடக்குன்னு போடாம, முன்னாடியே ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுங்க. இறக்கத்துல வண்டி தானாவே கொஞ்சம் கரண்ட் சம்பாதிச்சுக்கும்."

அந்தக் காரைப் பொம்மை வண்டி என்று வருஷக்கணக்கில் கிண்டல் பண்ணிய கொழுந்தன் அண்ணியையே பார்த்தார். இதெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும்? அவளுக்கே தெரியாது. தைத்துக்கொண்டே ஊம் கொட்டிய பேச்சு, ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டதாக நினைத்த பேச்சு, எல்லாம் உள்ளேயேதான் இருந்திருக்கிறது.

கார் சத்தமே இல்லாமல் தெருவைத் தாண்டியது. அவள் கூடத்து விளக்கு, மின்விசிறி, ஃப்ரிட்ஜ் என்று எல்லாவற்றையும் அணைத்தாள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் ஏணியைச் சாய்த்தாள்.

"ஐயோ, இந்த நேரத்துல கூரை மேலயா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க அண்ணி?"

"நாலு பேர்ல ஒருத்தரை ஏணியைப் பிடிக்கச் சொல்லு."

கடைசியில் நாத்தனாரே பிடித்துக்கொண்டாள்.

மேலே தகடுகள் கண்ராவியாகக் கிடந்தன. சேறு, இலை, யார் வீட்டுத் துணியோ ஒன்று. இப்படி மூடிக் கிடந்தால் வருகிற வெளிச்சமும் எப்படி உள்ளே போகும்? அவர் துடைக்கிற நீளக் கம்புப் பிரஷ் மூலையில் கட்டியபடி பத்திரமாக இருந்தது. பிடியில் நீலத்துணி சுற்றியிருந்தது. அவள் வெட்டிப் போட்ட பள்ளிக்கூடச் சட்டைத் துண்டு. அதைப் பிடித்ததும்தான் அவளுக்கு அழுகை வந்தது. யாரும் பார்க்காத இடத்தில் நன்றாக அழுதாள். அழுதுகொண்டே தேய்த்தாள். ஒவ்வொரு தகடாகத் தண்ணீர் ஊற்றி, கறுப்பு மின்னும்வரை விடவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது தெரு முழுக்கச் செத்துக் கிடந்தது. மதிலுக்கு மேலே அந்த ஒற்றை வயர் மட்டும் டீச்சர் ஜன்னலுக்குப் போய்க்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் போட்டது என்று உரக்கக் கத்த வேண்டும் போல அவளுக்குப் பெருமையாக இருந்தது.

இறங்கி வந்தபோது மேகம் முழுசாக விலகவில்லை, வெளுத்திருந்தது. அதுவே போதுமானதாக இருந்தது. கடைசிப் பச்சை அணையாமல் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து நாத்தனார் ஓடிவந்து அவள் தோளைக் குலுக்கினாள். "அண்ணி, ரெண்டாவது விளக்கு எரியுது!" சாவு வீட்டில் ரெண்டு பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு சிரித்தார்கள். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

கார் தெருமுனை வரை வந்து நின்றுபோனது. துக்கத்துக்கு வந்திருந்த ஆண்கள் போய் வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தார்கள். மகள் இறங்கினாள்.

"சித்தப்பா ஏசி போடலம்மா. ஜன்னலைக்கூடத் திறக்கல. மூச்சுவிடவே பயந்தாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தவள், பெட்டியைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினாள். கண்ணாடி மேல் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"அப்பா ஷேவ் பண்ணியிருக்காரே."

"நேத்து காலையில பண்ணாரு. நீ அடுத்த வாரம் வரேன்னு சொல்லியிருந்தியே, இப்பவே பழகிக்கிறாராம்."

மகள் உடைந்து அழுதாள். அழட்டும் என்று அவள் விட்டுவிட்டாள். பார்க்கத்தானே இத்தனை பாடும்.

பிறகு கொழுந்தன் மெல்லக் கேட்டார். "பெட்டியை அணைச்சிடலாமா அண்ணி?"

"நானே அணைக்கிறேன்."

சிவப்புப் புள்ளியின் மேல் விரலை வைத்து அழுத்தினாள். நேற்றிலிருந்து காதை நிறைத்துக்கொண்டிருந்த இரைச்சல் நின்றது. வீடு அமைதியான பிறகுதான், மதிலுக்கு அந்தப்பக்கம் டீச்சரின் மெஷின் புஸ், புஸ் என்று ஓடுவது எல்லோருக்கும் கேட்டது.

அவரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். வாசலில் வேன் காத்திருந்தது. மகள் அவள் கையைப் பிடித்து ஏற்றப் பார்த்தாள். அவள் அண்ணாந்து பார்த்தாள். வெயில் நன்றாகவே அடித்துக்கொண்டிருந்தது.

"ஒரு நிமிஷம்" என்றாள்.

எல்லோரும் நின்றார்கள். அவள் காருக்குப் போய் சுவரிலிருந்து வயரை எடுத்து, பிளக்கை முந்தானையால் துடைத்துச் சொருகினாள். பச்சை விளக்கு சிமிட்டும்வரை, அவர் நிற்பதுபோலவே இடுப்பில் கைவைத்து நின்றாள்.