கூலி ஏறிப்போச்சுங்க

கப்பலில் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் போன் எடுக்கிறவருக்கு ஒரு சௌகரியமான பொய் கைவசம் இருந்தது. கட்டணம் ஏன் ஏறியது என்று கேட்பவரிடம் எண்ணெய் விலை என்று சொல்லக்கூடாது; போன மாத விலையைச் சொல்லி மல்லுக்கு நிற்பார். துறைமுகத்தில் இடமில்லாமல் கப்பல் காத்துக் கிடக்கிறது, சரக்கேற்றக் காலிக் கன்டெய்னர் கிடைக்கவில்லை என்றால் ஆதாரம் கேட்பார். "கூலி ஏறிப்போச்சுங்க" என்றால் போதும். "ஆமாமா, இப்ப எவன் வேலை செய்யிறான்?" என்று அலுத்துக்கொண்டு ஒத்துக்கொள்வார். சுமை தூக்குகிறவனைத் திட்ட யாருக்கும் ஆதாரம் தேவைப்படுவதில்லை.

அன்று அப்படிச் சொல்லிப் போனை வைத்தபோது தங்கை புருஷன் பின்னால் நின்றிருந்தான். கீழே கிடங்கில் சரக்கு ஏற்றுகிறவன், தண்ணீர் குடிக்க மேலே வந்திருந்தான். வாயெல்லாம் பல்லாகச் சிரித்துவிட்டுப் போனான். எதற்கென்று இவர் யோசிக்கவில்லை.

மறுநாள் தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, கூலி ஏத்திட்டாங்களாமே! வாயத் திறந்தியா நீ, கல்லுளிமங்கா? நான் மீன் கம்பெனி வேலைய விட்டுட்டேன். இனி ஐஸ்ல கை வைக்க வேணாம். என் இடத்துல வேற ஒருத்தியச் சேத்தும் ஆச்சு."

ஐஸில் வெடித்த அவள் விரல்கள் அவருக்குத் தெரியும். "சரிம்மா" என்றார். அதுவும் பொய்தான்.

கிடங்குக்கு இறங்கிப் போனார். மாப்பிள்ளையை அடுக்கிய பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய் உடைத்துச் சொன்னார். கூலி ஒரு பைசா ஏறவில்லை, அது வாடிக்கையாளர் வாயை அடைக்கிற பேச்சு.

அவன் சத்தம் போடுவான் என்று நினைத்தார். போட்டால் தேவலை என்றும் இருந்தது. அவன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான்.

"அதான் சரக்கு எடுக்க வர்றவங்க எல்லாம், 'உங்களாலதாண்டா விலை ஏறுது'ன்னு எங்களக் கரிச்சுக் கொட்டுறாங்களா?"

இவர் கூனிக் குறுகிப் போனார். "தங்கச்சிகிட்ட நானே சொல்லிடறேன் மாப்பிள்ளை."

"சொல்லிடுங்க மச்சான்" என்றான் அவன், தரையைப் பார்த்தபடி. "விசாரிக்காம வீட்டுல போய் பீத்திக்கிட்டேன். எனக்கு வெக்கமா இருக்கு."