தவளை கத்திய பிறகு காய்ச்சிய பாகு

“முகர்ந்து பாத்தியா இல்லையா, அதச் சொல்லு.”

“பச்சத் தண்ணியில என்ன வாசனை தெரியும்? ஆனா நேத்து சாயங்காலம் ஓடையில தவளை கத்துச்சு, ரோசேர்.”

“நான் தண்ணியப் பத்திக் கேக்கறேன். நீ தவளையப் பத்திச் சொல்ற.”

“தவளை கத்தினா மரத்துல அடிச்ச குழாயப் பிடுங்கிடணும்னு உங்கப்பா சொல்லுவார். மேப்பிள் மொட்டெல்லாம் வேற சிவந்து கிடக்கு. பீப்பாயில எட்டிப் பாரு, தண்ணி மஞ்சளா இருக்கு. கொட்டிடலாம். வர்றவங்களுக்குப் பட்டாணி சூப்பு இருக்கு, முட்டை இருக்கு. சாப்பிட்டுப் போகட்டும்.”

“இந்த வருஷத்துக் கடைசிக் கொதி பாக்க இந்தச் சாலை மொத்தமும் வருது. சூப்பு ஊத்தி அனுப்பினா க்ளோவிஸ் என்ன சொல்வான் தெரியுமா?”

“என்னமோ சொல்லிட்டுப் போகட்டும்.”

“தம்பிக்கு மூக்கு போச்சுன்னு சொல்வான்.”

ரோசேரின் மனைவி டெலிமா விறகை எடுத்து அடுப்பருகே அடுக்கத் தொடங்கினாள். ரோசேருக்கு உண்மையாகவே மூக்கு போயிருந்தது.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தபோது காபி அவனுக்கு வெறும் சுடுதண்ணீராக இருந்தது. கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தான். ஆகவில்லை. நாக்குக்கு இனிப்பு தெரிந்தது, உப்பு தெரிந்தது. மற்றதெல்லாம் கதவு சாத்திய வீடுபோல ஆகிவிட்டது. மனைவியைத் தவிர ஒருவருக்கும் அவன் சொல்லவில்லை. கால் போனவன் அந்த ஊரில் பாகு காய்ச்சலாம், ஒரு கண் போனவன்கூடக் காய்ச்சலாம். மூக்கு போனவனுக்கு மட்டும் அங்கே அடுப்பு கிடையாது. மொட்டு விரியத் தொடங்கியதும், பாகு காய்ச்ச மேப்பிள் மரத்திலிருந்து வடிக்கும் தண்ணீரின் வாசனை மாறிவிடும். ஆறிய தண்ணீரில் அது தெரியாது. கொதிக்க ஆரம்பித்ததும் முதல் ஆவியில் வரும். அப்போது கொட்டிவிட வேண்டும். தவறவிட்டால் கொப்பரை முழுவதும் வெந்த முட்டைக்கோஸும் நனைந்த நாயும் சேர்ந்த நாற்றம்தான்.

அப்பா சாகும்போது நூற்றிருபது மரங்களை இரண்டு மகன்களுக்கும் பாதிப்பாதியாக எழுதிவைத்தார். கொப்பரை ஒன்றுதான். நீளமான தகரக் கொப்பரை, மூலையெல்லாம் அவரே பற்றவைத்தது. அதை வெட்டிக் கொடுக்க முடியாது. “ரோசேருக்கு மூக்கு இருக்கு, அவன் காய்ச்சட்டும். அது போற அன்னிக்கு க்ளோவிஸ் எடுத்துக்கட்டும்” என்றார். அன்றிலிருந்து பன்னிரண்டு வசந்தமாக மூத்தவன் க்ளோவிஸ் தன் மரத்துத் தண்ணீரைத் தம்பியின் கொட்டகை வாசலில் இறக்கிவைத்துவிட்டு, அந்த நாளுக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.

அதனால் ரோசேரும் டெலிமாவும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். கரண்டியில் அள்ளி ஆவியை முதலில் அவள் முகர்வாள். நன்றாக இருந்தால் கரண்டியைக் கொப்பரை விளிம்பில் இரண்டு முறை தட்டுவாள். கெட்டிருந்தால் ஒரு முறை. பார்ப்பவர்களுக்கு அது கரண்டியை உதறுவதுபோலத்தான் இருக்கும். நீ ஏன் வாயில் வைத்துப் பார்க்கவில்லை என்று யாராவது கேட்டால், ரோசேர் சிரித்துக்கொண்டே அவளைக் கைகாட்டுவான். போன வருடம் கேட்டபோது, “பதினெட்டு வருஷமா இவ சமையலச் சாப்பிடறேன், நாக்கு லீவு கேக்குது” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை, அவ்வளவுதான்.

“ஆவி வரட்டும். நீ தட்டு” என்றான் இப்போது. “ஒண்ணுன்னா அடிப்பிடிச்சுடுச்சுன்னு சொல்லிக் கவுத்துடறேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா, கிழவி. அடுப்பப் பத்த வை.”

பத்து மணிக்குக் கொப்பரை கொதிக்கத் தொடங்கியது. நுரை பொங்கி வழியாமல் இருக்க மேலே நூலில் தொங்கவிட்டிருந்த உப்பிட்ட பன்றிக்கொழுப்புத் துண்டை ஒவ்வொரு பொங்கலும் எட்டித் தொட்டுவிட்டு அடங்கியது. கூரைத் திறப்பு வழியாக ஆவி வெளியேறுவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பது ரோசேருக்குப் பிடிக்கும். வாசனை இருந்த காலத்தில் அந்த வெள்ளைக்குள் ஒரு முழு ஊரே இருக்கும். இப்போது அது வெறும் வெள்ளை.

டெலிமா கரண்டியை எடுக்கப் போன நேரத்தில் க்ளோவிஸின் பிக்கப் வண்டி வந்து நின்றது. சொன்னதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே. அவன் மனைவி ஃபெர்னாண்ட் வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடியோடு இறங்கினாள். பின்பக்கத்திலிருந்து பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஏழெட்டுப் பேர் குதித்தார்கள். கடைசியில் கிழவர் ஓர்மிதாவை இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள். அவருக்குப் பல் கிடையாது, கல்யாணமும் கிடையாது. ஆனால் ஒரு கடைசிக் கொதியையும் அவர் விட்டதில்லை.

“என்ன தம்பி, தவளை கத்துதே, உங்க பக்கம் கேக்கலையா?” க்ளோவிஸ் வாசலிலேயே தொப்பியைக் கழற்றினான். “காதும் போச்சா?”

“உன் மரத்துக்கு அடியில கத்தியிருக்கும். உன் பேச்சக் கேட்டுப் பழகின தவளைங்க.”

சிரிப்பு எழுந்தது. க்ளோவிஸும் சிரித்தான். சிரித்தபடியே கொப்பரைப் பக்கம் வந்து நின்றான்.

டெலிமா கரண்டியை அமிழ்த்தி எடுத்தாள். முகத்துக்கு நேரே கொண்டுபோனாள்.

“அது என்ன பழக்கம் உங்க வீட்டுல?” க்ளோவிஸ் குரலை உயர்த்தவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது. “காய்ச்சறவன் நீ. கரண்டி அவ கையில. போன வருஷமும் பாத்தேன். அப்பா காலத்துல அம்மா கொட்டகைக்குள்ளயே வந்ததில்ல.”

அடுப்பில் ஒரு விறகு வெடித்தது. எல்லாரும் தன் மூக்கையே பார்ப்பதுபோல ரோசேருக்குத் தோன்றியது. வழக்கம்போல வாய் தானாகத் திறந்தது.

“என்ன பண்றது அண்ணே. பத்தொன்பது வருஷமா இந்த மரத்துல குழாய் அடிச்சுப் பாத்தாச்சு. பட்ட மரம். ஒரு சொட்டு விழல. சரி, கரண்டியாவது பிடிக்கட்டுமேன்னு விட்டுட்டேன்.”

முதலில் ஓர் இளைஞன் வெடித்துச் சிரித்தான். பிறகு மற்றவர்கள். ஃபெர்னாண்ட், மூன்று பிள்ளை பெற்றவள், ஜாடி மூடியைத் திருகுவதுபோலக் குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்கியது. ஓர்மிதா மட்டும் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டெலிமாவின் காது சிவந்தது. ஐந்து முறை அவர்கள் பட்டணத்து மருத்துவரிடம் போயிருந்தார்கள். ஐந்தாம் முறை மருத்துவர் ரோசேரை மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னதை அவன் வீடு வரும் வழியில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலைவைத்து, அவளிடம் சொன்னான். குறை அவனிடம்தான். யாரிடமும் சொல்லாதே என்றான். அவள் சொன்னதில்லை. இந்தக் கோபமும் இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று ரோசேர் நினைத்தான். மூன்று நாள் ஆகலாம்.

அவள் கரண்டிக்கு மேல் குனிந்தாள். வழக்கத்தைவிட நீளமாக மூச்சை இழுத்தாள். நிமிர்ந்து, அவன் கண்ணைப் பார்த்து, கரண்டியை விளிம்பில் தட்டினாள்.

ஒன்று. சற்று விட்டு, இன்னொன்று.

ரோசேருக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. அடுப்பில் இரண்டு கட்டைகளைத் திணித்தான். அப்போது க்ளோவிஸ் டெலிமாவையே பார்த்துக்கொண்டிருந்ததையும், அவன் மூக்கு லேசாகச் சுருங்கி விரிந்ததையும், பிறகு மெதுவாகப் புன்னகைத்ததையும் ரோசேர் கவனித்தான். தோற்றவன் அப்படித்தான் சிரிப்பான் என்று எண்ணிக்கொண்டான்.

“நல்லா எரியட்டும், தம்பி,” என்றான் க்ளோவிஸ். “நான் விறகு எடுத்துத் தர்றேன்.”

பாகு பதம் வர மதியம் தாண்டியது. அதுவரை வந்தவர்கள் ஏனோ கொட்டகைக்குள் நிற்காமல் வெளியே வெயிலில் நின்றே சூப்பைக் குடித்தார்கள். உள்ளே ஆவி கண்ணை எரிக்கிறது என்றார்கள். க்ளோவிஸ் மட்டும் போய்ப்போய் வந்தான். போகும் இடத்தில் ஏதோ தணிந்த குரலில் சொல்வான். ஓர் இருமல் வரும், ஒரு சிரிப்பு வரும். கரண்டியிலிருந்து பாகு சொட்டாக விழாமல் துணிபோல விரிந்து தொங்கியதும் ரோசேர் கத்தினான்:

“வாங்க, ஆச்சு.”

பனியை அள்ளி நிரப்பியிருந்த மரத்தொட்டியில் கோடுகோடாக ஊற்றினான். பாகு பனியில் பட்டு இறுகியது. நிறம் கொஞ்சம் கருப்பு. கடைசிக் கொதி கருப்பாகத்தான் இருக்கும். அவன் செதுக்கிவைத்த குச்சிகளை ஆளுக்கொன்றாக எடுத்தார்கள்.

முதலில் க்ளோவிஸ். பாகைக் குச்சியில் சுருட்டி வாயில் வைத்தான். கண்ணை மூடினான். தொண்டை ஒருமுறை அசைந்தது. ரொம்ப நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தான். ஈரமாக இருந்தது.

“அப்பா இருந்திருந்தா அழுதிருப்பார், தம்பி.”

ஃபெர்னாண்ட் கொஞ்சமாக நக்கினாள். “இந்த மாதிரி நான் வாயில வச்சதே இல்ல, ரோசேர். சத்தியமா.” உடனே ஊறுகாய் ஒன்றைக் கடித்தாள். அந்த இளைஞன், “என் அம்மாவுக்குக் கொஞ்சம் எடுத்துட்டுப் போகணும்” என்றான். அவன் பக்கத்தில் நின்றவள் அவன் விலாவில் இடித்தாள்.

ஓர்மிதா தன் குச்சியை வாயிலிருந்து எடுத்துப் பார்த்தார். “ரோசேர், பையா, இது வந்து...”

“ஊறுகாய் சாப்பிடுங்க பெரியவரே,” என்று க்ளோவிஸ் ஒன்றை அவர் வாயிலேயே திணித்தான். “பல் இல்லாட்டி என்ன, சப்புங்க.”

ரோசேரும் சாப்பிட்டுப் பார்த்தான். இனிப்பு. சூடான இனிப்பு. வேறொன்றும் இல்லை. ஆனால் இத்தனை முகம், இத்தனை வார்த்தை. இரண்டு வருடமாகக் குறுகி நடந்தவன் இன்று அப்பாவின் உயரத்துக்கு வந்துவிட்டதுபோல இருந்தது.

“இத இங்க மட்டும் வச்சுக்கறது பாவம்,” என்றான் க்ளோவிஸ். “நாளைக்கு ஞாயித்துக்கிழமை. பூசை முடிஞ்சு கோயில் வாசல்ல வை. ஊரே ஒரு வாய் பாக்கட்டும். ஃபாதர் முதல்ல.”

“வைக்கறேன்,” என்றான் ரோசேர்.

“எல்லா பாட்டிலும்?”

“எல்லா பாட்டிலும். என் பேர ஒட்டி. ஒருத்தர், ஒரே ஒருத்தர் குறை சொல்லட்டும், கொப்பரைய நானே முதுகுல தூக்கிட்டு வந்து உன் வாசல்ல வைக்கறேன் அண்ணே. எல்லாரும் கேட்டீங்கல்ல?”

எல்லாரும் கேட்டார்கள். க்ளோவிஸ் அவன் கையைப் பிடித்து நன்றாகக் குலுக்கினான். பாட்டிலில் ஊற்ற உதவினான். சட்டைக்கையை மடித்துவிட்டு, தானே உட்கார்ந்து சீட்டில் ரோசேரின் பெயரை அழகாக எழுதி ஒட்டினான். டெலிமா புனலைப் பிடித்திருந்தாள். அவள் கை ஆடவே இல்லை.

வண்டி கிளம்பியது. ரோசேர் வாசலில் நின்று கையசைத்தான். வேலி திரும்பும் இடத்தில் வண்டியின் பின்பக்கத்திலிருந்து யாரோ தவளை மாதிரிக் கத்தினார்கள். இன்னொரு குரல் அதற்கு எதிர்க்குரல் கொடுத்தது. அப்புறம் மொத்த வண்டியும் கத்தியது. சிரிப்பு இஞ்சின் சத்தத்தையும் மீறி வயலைத் தாண்டி அவனிடம் வந்து சேர்ந்தது.

கை அசைந்தபடியே நின்றுவிட்டது.

மரத்தொட்டிக்குப் போனான். அங்கே ஒரு குச்சிகூட இல்லை. நன்றாக நக்கி எடுத்துப் போய்விட்டார்கள் என்று ஒரு கணம் நினைத்தான். பிறகு தொட்டிக்குப் பின்னால் பனி கிளறப்பட்டிருப்பதைப் பார்த்தான். பூட்ஸ் குதிகாலால் மிதித்து அமுக்கிய பனி. விரலால் தோண்டினான். பாகு சுருட்டிய குச்சிகள் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக, ஓரிரு பல்தடம் மட்டும் பட்டு, அப்படியே புதைந்து கிடந்தன. அவனுடைய நாய் ஓடிவந்தது. ஒரு குச்சியை முகர்ந்தது. தும்மியது. வாலை இடுக்கிக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தது.

கொட்டகைக்குள் ஜன்னல் வெளிச்சத்தில் பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் அண்ணனின் கையெழுத்தில் அவன் பெயர். டெலிமா கொப்பரையின் அடியை வழித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பாகு இன்னும் மிச்சமிருந்தது. சூடு ஆறாமல் மெல்லிய ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ரோசேர் குனிந்து முகத்தை அதற்குள் விட்டான். மூச்சை இழுத்தான். மறுபடி இழுத்தான். கன்னம் ஈரமானது, புருவம் ஈரமானது. வேறொன்றும் வரவில்லை.

“டெலிமா.”

அவள் வழிப்பதை நிறுத்தவில்லை.

“நான் சொன்னது... க்ளோவிஸ் முன்னாடி வேற என்னத்தச் சொல்ல முடியும், நீயே சொல்லு.”

தகரத்தில் கரண்டி உரசும் சத்தம்.

“நாளைக்குக் கோயில் வாசல்ல நிக்கணும். ஊரே வரும்.”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். முன்துணியில் கையைத் துடைத்தாள். அவன் அதே கரண்டியை எடுத்து, அடியில் இருந்த பாகை அள்ளி, சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“இன்னொரு தடவை முகர்ந்து பாரு,” என்றான். “வாயால ஒண்ணும் சொல்ல வேண்டாம். தட்டு போதும். ஒண்ணா ரெண்டான்னு தட்டிக் காட்டு.”