அக்கரையின் ஐந்து குடில்கள்

மேலைவானில் கதிரவன் சாய, சேறு சுமந்து செந்நிறமாய் அகன்றொழுகும் சைகோன் ஆற்றின்மேல் கார்முகில்கள் குவிந்து நிற்க, அவற்றின் கீழே கரையும் கலமும் மாந்தரும் கடுகெனச் சிறுத்துத் தோன்றிய வேளையில், போர் ஓய்ந்ததென்று பிரெஞ்சு ஆட்சியர் அறிவித்துக்கொண்டே போர் நடத்திய ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறாம் ஆண்டில், ஆற்றோரச் சாலையின் ஓவியக்கூடத்துள் மீனாள் தன் படத்தின் முன்னே நின்றிருந்தாள்.

துணி வணிகன் சுப்புராமனை மணந்து செட்டிநாட்டினின்று கடல் கடந்து வந்தவள் அவள். பிரெஞ்சு ஆசிரியை ஒடெட்டின் இல்லத்தில் ஒல்லாந்த நாட்டு நிலக்காட்சி ஓவியம் ஒன்றைக் கண்ட நாள்முதல், முக்காற்பங்கு வானும் காற்பங்கு நிலமுமாய் ஆரவாரமின்றி விரிந்த அவ்வமைதிக்கு நெஞ்சைப் பறிகொடுத்து, அம்முறையிலேயே தன் ஆற்றைத் தீட்டப் பழகினாள். அக்கரையில் ஐந்து கூரைக்குடில்கள், மேயும் எருமை, துணி உலர்த்தும் பெண்ணொருத்தி. படத்தில் இருந்தவை அவ்வளவே. ஆனால், அறிவுசால் அன்பரே, அவள் தீட்டி முடித்த மறுமாதமே பிரெஞ்சுப் படையினர் அச்சிற்றூரை எரித்தனர். அங்கே ஊரே இருந்ததில்லையென அறிக்கையும் விடுத்தனர்.

கண்காட்சிப் பொறுப்பாளன் பியேர் படத்தை நெடிது நோக்கினான்.

"அம்மையே, முதற்பரிசு இதற்கே. குடில்களை மட்டும் நாணற்புதராக மாற்றிவிடுங்கள்."

"ஏன் ஐயா?"

"அங்கே குடில்கள் இல்லை."

"நான் தீட்டிய நாளில் இருந்தன. அடுப்புப் புகை எழுந்ததையும் கண்டேன். ஒன்றையும் அழிக்க மாட்டேன்."

"மறுத்தால் படம் இங்கே தொங்காது. இந்நகரில் நீங்கள் வாழும் இசைவும் பறிபோகும்."

மீனாள் படத்தைச் சுவரினின்று கழற்றினாள். அவளுடன் வந்திருந்த கணவன் சுப்புராமன், "வேண்டாம், மீனாள்" என்றான். அவள் தனியே சுமந்து தள்ளாடக் கண்டதும், "சரி, இந்த முனையை நான் பிடித்துக்கொள்கிறேன்" என்று கைகொடுத்தான்.

இருவரும் வாயிற்படியில் படத்தை ஏந்தி நின்றனர். சந்தையினின்று மீண்ட பெண்கள் கூடினர். கூடை சுமந்த ஒருத்தி, படத்துப் பெண்ணின்மேல் விரல் வைத்து, "இவள் என் தங்கை" என்று தன் மொழியில் உரக்கச் சொன்னாள். பின்னர் ஒவ்வொரு குடிலாய்த் தொட்டு, அதில் வாழ்ந்தோர் பெயர்களை அவள் கூறக் கூற, கூட்டமும் திருப்பிக் கூறியது. படைவீரர் ஓடிவந்து படத்தை இழுத்தபோது, சட்டம் முறிந்து படம் கிழியும்வரை மீனாள் பிடியை விடவில்லை.

ஏழாம் நாள் கணவனையும் மனைவியையும் நாடு கடத்திக் கப்பலேற்றினர். கிழிந்த படம் யாதாயிற்றென்று எவரும் அறியார். ஆயினும், கப்பல் நங்கூரம் எடுத்த அக்காலையிலும், சந்தைப் பெண்கள் ஐந்து குடும்பத்தார் பெயர்களையும் வீரர்களின் காதுபடவே சொல்லிக்கொண்டிருந்தனர்.